ஹெஷ்வான் இருபத்தொன்பதா, முப்பதா?

என் அப்பா எந்த நாளில் இறந்தார் என்று தீர்மானிக்க எங்கள் ஊர் மத மன்றத்துக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆகவே இதில் மன்றத்தை நான் திட்டும்போதெல்லாம் பாதித் திட்டு எனக்கும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பின்ஹாஸ் ஹதாத். இஸ்ரேலில் பேர்ஷெபாவுக்குத் தெற்கே பாலைவனத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஓர் ஊர் எங்களுடையது. அங்கே ஏழாம் எண் பேருந்தை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். சந்தை நிறுத்தத்துக்குக் காலை ஆறு பன்னிரண்டு என்றால் ஆறு பன்னிரண்டுதான். ஒரு நிமிடம் பிந்தினால் கறிகாய்க் கூடையோடு நிற்கிற பெண்கள் என்னை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அப்படி நிமிடக் கணக்கில் பிழைப்பு நடத்துகிறவனுக்குத் தன் தகப்பன் செத்த நேரம் தெரியவில்லை. நான் அங்கே இல்லை, அதுதான் காரணம்.

அப்பா பெயர் கமூஸ். வயது எண்பத்தெட்டு. மூன்று வருஷமாகப் படுக்கை. நேபாளத்திலிருந்து வந்த தில்மாயா என்ற பெண் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டாள். அந்தப் புதன்கிழமை காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், இன்றோ நாளையோ என்று. விடுப்புச் சொல்லிவிட்டு மத்தியானம் வரை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் கீழே பெட்டிக்கடைத் தொலைக்காட்சியில் உலகக் கோப்பை ஆட்டம், ஜெர்மனியும் ஜப்பானும். ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று தில்மாயாவிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். முதல் பாதியில் ஜெர்மனி ஜெயித்துக்கொண்டிருந்தது. அப்போதே ஏறிப் போயிருக்கலாம். பிறகு ஜெர்மனி தோற்க ஆரம்பித்தது. ஜெர்மனி தோற்கிற ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளை எங்கள் ஊரில் நீங்கள் பார்க்கவே முடியாது.

நான் படியேறியபோது ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. தில்மாயா அப்பாவின் தாடையைத் துணியால் கட்டி முடித்திருந்தாள்.

என் அக்கா மசால், ஹைஃபாவில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டாள்.

"நீ கூட இருந்தியாடா?"

"இருந்தேன்."

"கையப் பிடிச்சிருந்தியா?"

"பிடிச்சிருந்தேன் அக்கா."

சொன்னது இவ்வளவுதான். துக்கம் காத்த ஏழு நாளில் அது தானாகவே வளர்ந்தது. அப்பா என் கையை மூன்று முறை அழுத்தினாராம். கடைசி மூச்சில் சொல்லவேண்டிய ஜெபத்தை என்னோடு சேர்ந்து வார்த்தை வார்த்தையாகச் சொன்னாராம். நான் அதெல்லாம் சொல்லவில்லை. யார் யாரோ வந்து சேர்த்துவிட்டுப் போனார்கள். வெட்டிவிடவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் தலை குனிந்தவனைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை.

எட்டாம் நாள் கல் செதுக்குகிற ஷோவாலிடம் போனேன். முப்பதாம் நாளுக்குள் கல்லறையில் கல் நிற்க வேண்டும். அக்கா ஏற்கனவே தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அப்பாவின் பெயருக்குக் கீழே 'மகனின் கைகளில் கண்மூடினார்' என்று ஷோவால் அழகாக வெட்டியே வைத்திருந்தான். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

"சூரியன் விழுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான்.

எங்கள் யூத நாள்காட்டிக் கணக்கில் சூரியன் விழுந்தால் அந்த நாள் தீர்ந்தது, அடுத்த நாள் பிறந்தது. விழுவதற்கு முன் என்றால் ஹெஷ்வான் மாதம் இருபத்தொன்பது. விழுந்தபின் என்றால் முப்பது.

"டாக்டர் சீட்டுல அஞ்சு இருபத்தஞ்சுன்னு இருக்கு," என்றேன்.

"அது டாக்டர் வந்த நேரம்டா. ஆள் போன நேரம் எது? நீதானே கையப் பிடிச்சிட்டிருந்தே."

"இருட்டுற நேரம்."

"இருட்டுற நேரம்னு கல்லுல வெட்ட முடியாது. மத மன்றத்துக்குப் போய் ஒரு கடுதாசி வாங்கிட்டு வா."

மத மன்றத்தின் நினைவு நாள் நிர்ணயப் பிரிவு இரண்டாம் மாடியில் இருக்கிறது. கதவில் அறிவிப்பு: 'அலுவலக நேரம் காலை எட்டரை முதல் சூரிய மறைவுக்கு இரண்டே கால் மணி முன்பு வரை. மாதப் பிறப்பு, விரத நாள், விரதத்துக்கு முந்தின நாள், பிந்தின நாள் நீங்கலாக.' உள்ளே சுவரில் நான்கு நாள்காட்டிகள் தொங்கின. நான்கும் நான்கு தேதி காட்டின. நாள் பார்க்கிற அலுவலகத்தில் தாளைக் கிழிக்க யாருக்கு அதிகாரம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மேசைக்குப் பின்னால் ஸெஹாவா என்ற அம்மாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுத்ததும் ஐந்து விரல்களையும் மொட்டாகக் குவித்து என் பக்கம் ஆட்டினார். பொறு. இந்த நாட்டில் பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிற சைகை அது. நானும் பேருந்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை காட்டுகிறேன்.

பேசி முடித்துவிட்டு, டாக்டர் சீட்டைப் பார்த்தார். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் திறந்தார். விரலை ஓட்டினார்.

"அச்சச்சோ கண்ணா. ஹெஷ்வான் முப்பதா. அடுத்த வருஷம் அந்த நாளே கிடையாது."

"கிடையாதுன்னா?"

"ஹெஷ்வானுக்குச் சில வருஷம் முப்பது நாள், சில வருஷம் இருபத்தொன்பது. அடுத்த வருஷம் இல்ல. அதுக்கடுத்த வருஷம் இருக்கு. அதுக்கடுத்து மறுபடி இல்ல."

"ஏன்?"

"புத்தாண்டு ஞாயித்துக்கிழமை விழக்கூடாது, புதன் கூடாது, வெள்ளி கூடாது. விழுந்தா ஒரு நாள் தள்ளணும். தள்ளினா எங்கயாவது ஒரு நாளை ஒட்டணும், இல்ல வெட்டணும். ஹெஷ்வான்ல வெட்டுவோம். அது பண்டிகை இல்லாத மாசம், யாரும் கேக்க மாட்டாங்க."

"வெட்டினது எங்க அப்பா நாளா?"

"நாங்க வெட்டல கண்ணா, கணக்கு வெட்டிச்சு. இன்னும் ஆறாயிரம் வருஷத்துக்குப் போட்டு வெச்சிருக்கோம், ஒரு நிமிஷம் பிசகாது. கவலப்படாதே."

முப்பது இல்லாத வருஷத்தில் அப்பாவுக்கு எந்த நாளில் விளக்கேற்றுவது என்று கேட்டேன். அதற்குத்தான் மூன்று பேர் கொண்ட குழு இருக்கிறது என்றார். விண்ணப்பத்தில் 'இறந்த தருணத்தில் உடன் இருந்தவர்' என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். பேனா ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

குழுத் தலைவர் மதகுரு ரபி எல்காயம். அவருக்கு இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். அந்த இருவரும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு தபால்காரர் அந்தி நேரத்தில் இறந்துபோனதில் வந்த மனஸ்தாபம். அதனால் ஒருவர் சொல்வதை குறிப்பெழுத உட்கார்ந்த செயலாளர் மற்றவரிடம் திருப்பிச் சொல்வார், அந்த அறையில் எல்லோருக்கும் இரண்டு முறை கேட்கும்.

"முப்பது இல்லாத வருஷம் இருபத்தொன்பதுலதான் அனுசரிக்கணும்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"இருபத்தொன்பதுன்னு சொல்றார்."

"அடுத்த மாசம் முதல் தேதிதான்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"முதல் தேதின்னு சொல்றார்."

ரபி எல்காயம் தொண்டையைச் செருமினார். "பின்ஹாஸ், இதுல கணக்குல தப்பு இல்ல. கணக்குல என்னிக்கும் தப்பு வராது. மனுஷங்கதான் தப்பான நேரத்துல சாகறாங்க. காலைல பத்து மணிக்குச் செத்தா இந்தப் பிரிவே தேவையில்ல. ரெண்டு வருஷம் முன்னாடி பொதுமக்களுக்கு ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பினோம், அந்தி நேரத்தக் கூடியவரைக்கும் தவிர்க்கச் சொல்லி. யார் படிக்கிறாங்க? சரி, விடுங்க. உங்க விஷயம் சுலபம். நீங்க கூடவே இருந்திருக்கீங்க. இந்த ஊர்ல இப்படி ஒரு மகன் கிடைக்கிறதே அபூர்வம். சொல்லுங்க, சூரியன் எங்க இருந்துச்சு?"

"நான் அப்பா முகத்தைப் பார்த்துட்டிருந்தேன், ரபி."

மூன்று பேரும் நெகிழ்ந்துபோனார்கள். பேசிக்கொள்ளாத இருவரும்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நெகிழ்ந்தவர்கள் விட்டுவிட்டார்களா என்றால் இல்லை. மறுவாரம் நாலு மணிக்கு வீட்டுக்கே வந்துவிட்டார்கள், நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி நடித்துப் பார்க்க. தில்மாயா அதற்குள் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். செயலாளர் காலணியைக் கழற்றிவிட்டு அப்பாவின் கட்டிலில் ஏறிப் படுத்தார். கொஞ்சம் பருமனான மனிதர், கட்டில் முனகியது.

"உட்காருங்க," என்றார் ரபி. "அன்னிக்கு உட்கார்ந்த மாதிரி. கையப் பிடிங்க. எந்தக் கை?"

"வலது."

செயலாளரின் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக, கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு வெளிச்சமா?"

"இன்னும் கொஞ்சம் கம்மி."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் தூங்கிவிட்டார். மூச்சு வந்தது, நின்றது, வந்தது. என் அப்பா செத்த கட்டிலில், என் அப்பாவுக்குக் கொடுக்காத அரை மணியை மத மன்றச் செயலாளருக்குக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தோன்றியது. அவமானத்தில் காது சுட்டது. இனி தாங்காது என்றதும், "இதான்," என்று சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சூரியன் மறைந்து சரியாக ஏழு நிமிடம். சூரியன் போயாயிற்று, ஆனால் இரவு என்று உறுதிப்படுத்த வேண்டிய நட்சத்திரம் இன்னும் வரவில்லை. பகலும் இல்லை, இரவும் இல்லை.

"நட்ட நடுவுல மாட்டிக்கிட்டோம்," என்றார் ரபி எல்காயம். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. "பிரிவு ஆரம்பிச்சதிலேர்ந்து இவ்வளவு சுத்தமான சந்தேகம் எங்களுக்கு வந்ததே இல்ல. வேற யார் இருந்தா வீட்டுல?"

"யாருமில்ல."

"பாத்துக்கிட்ட பொண்ணு?"

"அவங்க அடுக்களைல இருந்தாங்க. பாஷையும் சரியா வராது. வேற வீட்டுக்கும் போயிட்டாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் ரபி.

அப்போதுதான் எங்கள் சட்டத்தின் ஓர் அழகான மூலையை எனக்குக் காட்டினார். தில்மாயா நம்மவள் இல்லை, அவளைக் கூப்பிட்டு வைத்துச் சாட்சி கேட்க முடியாது. கேட்டால் செல்லாது. ஆனால் யாரும் கேட்காமல், சாட்சி சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பேச்சுவாக்கில் அவளாகச் சொல்லிவிட்டால் அது செல்லும். நம்மில் இரண்டு பேர் சத்தியம் பண்ணிச் சொன்னதைவிட மேலாகச் செல்லும்.

"அதனால நாம அவங்கள விருந்துக்குக் கூப்பிடறோம்," என்றார். "கேக்கறதில்ல. யாரும், எதையும். வாக்கியத்தோட கடைசில குரல் மேல போகக்கூடாது. இதுக்கு முன்னாடி நீங்க அவங்களோட பேசவும் கூடாது, பின்ஹாஸ். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அன்று மாலை பேருந்துக் கொட்டகையில் நின்று இரண்டு முறை அவள் எண்ணை அழுத்தினேன். தயவுசெய்து என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று எந்த வார்த்தையில் சொல்வது? இரண்டு முறையும் மணி அடிப்பதற்கு முன் துண்டித்துவிட்டேன். கையெழுத்துக்குப் பயந்து அல்ல. அவள் "ஏன்?" என்று கேட்டுவிடுவாளே என்றுதான்.

ஹனுக்கா விளக்குப் பண்டிகையின் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் முதல் விளக்கேற்றி, ஜாம் வைத்த டோனட்டுகளை மேசையில் அடுக்கியிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் மேற்கு ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. கல்லை முடிவு செய்ய அக்காவும் ஹைஃபாவிலிருந்து வந்துவிட்டாள். தில்மாயா நல்ல சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, அரசாங்க ஆட்கள் தன்னை விருந்துக்குக் கூப்பிட்ட சந்தோஷத்தில் வந்தாள்.

"சாயங்காலம்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்," என்று ஆரம்பித்தார் ஸெஹாவா.

"எனக்குப் பிடிக்காது," என்றாள் தில்மாயா. "கொசு."

ரபி எல்காயம் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "சில பேர் பகல்ல சாகறாங்க. சில பேர் ராத்திரில."

"ஆமா. எங்க ஊர்லயும் அப்படித்தான்."

அவளிடம் தங்கள் துக்கங்களைச் சொல்லிப் பார்த்தார்கள். பேசிக்கொள்ளாத உறுப்பினர்களில் ஒருவர் தன் மாமனார் எந்த வெளிச்சத்தில் இறந்தார் என்பதைக் கண்ணீரோடு விவரித்தார். தில்மாயா அவருக்கு ஒரு டோனட் எடுத்துக் கொடுத்தாள். காட்மாண்டுவில் படிக்கிற மகளைப் பற்றிச் சொன்னாள். புது வீட்டுக்காரம்மா நெஞ்செரிச்சலால் படுகிற பாட்டைச் சொன்னாள். அரை மணி ஆயிற்று. எனக்கு மூச்சு சீராக ஆரம்பித்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஐந்தரை மணிக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்ப் பெட்டிக்கடையிலிருந்து தெரு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

தில்மாயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா போன அன்னிக்கும் இதே சத்தம்தான்," என்றாள்.

செயலாளர் சத்தமில்லாமல் பேனா மூடியைத் திறந்தார். ரபி கண்களை மூடிக்கொண்டார்.

"டோனட் எடுத்துக்கங்க, தில்மாயா," என்றேன் நான். ரபி கண்ணைத் திறக்காமலே என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார்.

"நான் அப்பா கையப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு வந்துச்சு, நின்னுச்சு. வந்துச்சு, நின்னுச்சு. அப்புறம் வரவே இல்ல. அப்பதான் கீழே இப்படிக் கத்தினாங்க. எனக்கு உடம்பே நடுங்கிப்போச்சு. ஜன்னலுக்கு ஓடிப் போய்க் கூப்பிட்டேன், 'பின்ஹாஸ், வாங்க, அப்பா'ன்னு. இவர் கடை முன்னாடி ரெண்டு கையும் தூக்கிக் குதிச்சிட்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பாத்தார். பாத்துட்டு இப்படிக் காட்டினார்."

தில்மாயா தன் வலது கையைத் தூக்கி ஐந்து விரல்களையும் மொட்டாகக் குவித்து ஆட்டிக் காட்டினாள்.

"சரி, ஆட்டம் முடிஞ்சு வருவார்னு நான் போய் அப்பா கண்ணை மூடிவிட்டேன். பாவம், இவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். அவள் குரலிலேயே தெரிந்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவள் அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை. தெரிந்துதான் விரலைக் குவித்தேன்.

அக்கா கையிலிருந்த டோனட்டைத் தட்டில் வைத்தாள். விரலில் ஒட்டிய சர்க்கரையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"செல்லும்," என்றார் ரபி எல்காயம். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "ஒரு கேள்விகூட இல்லாம வந்திருக்கு. முப்பது வருஷ சேவைல இப்படி ஒரு சாட்சி நான் கேட்டதில்ல. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிட்டேன் ரபி," என்றார் செயலாளர். பிறகு தயங்கினார். "ஆனா ஜப்பான் ரெண்டு கோல் போட்டான். ரெண்டுக்கும் கத்தினாங்க."

மன்றத்தில் யாரும் பந்தாட்டம் பார்ப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கரும்பலகையைக் கொண்டுவந்தபோது, ஆட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, முதல் பாதியில் எத்தனை நிமிடம் கூட்டினார்கள், இடைவேளை எவ்வளவு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பேசிக்கொள்ளாத இருவரும் பதினோரு வருஷம் கழித்து நேருக்கு நேர் பேசியதே அப்போதுதான்.

"எழுபத்தஞ்சாவது நிமிஷம் முதல் கோல்."

"ரெண்டாவது எண்பத்து மூணுல. அதுவும் என்ன கோல்."

கூட்டிக் கழித்தார்கள். முதல் கோல் நாலு முப்பத்தைந்து. இரண்டாவது நாலு நாற்பத்து மூன்று. அன்றைய சூரிய மறைவு நாலு முப்பத்தொன்பது. முதல் கோல் என்றால் நல்ல பகல், ஹெஷ்வான் இருபத்தொன்பது, எல்லா வருஷமும் இருக்கிற நாள். இரண்டாவது என்றால் அந்தியில் விழுந்து, மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து.

"இவங்கள நாம கேக்க முடியாது," என்றார் ரபி தில்மாயாவைக் காட்டி. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஆனா உங்களக் கேக்கலாம். நீங்க நம்மவர். சம்பவ இடத்துல இல்லாட்டியும் ஆட்டம் நடந்த இடத்துல இருந்திருக்கீங்க. கண்ணால பாத்த சாட்சி."

அக்காதான் கேட்டாள். குரல் ஏறவே இல்லை.

"எந்தக் கோலுக்குடா?"

"முதல் கோல்."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

"கையக் காட்டிட்டுத் திரும்பினப்போ, இன்னும் ஒண்ணு போட்டுட்டான்னா மேல போயிடலாம்னு நெனச்சேன்." அக்காவின் தட்டில் இருந்த டோனட்டைப் பார்த்தேன். "போட்டான். போகல."

"அருமை," என்றார் ரபி எல்காயம். "இத்தன நாள்ல நீங்க சொன்னதுல உருப்படியான சாட்சி இதுதான்."

தில்மாயா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஸெஹாவாவிடம் காதோடு கேட்டாள்.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. மூன்று பக்கம். காலஞ்சென்ற கமூஸ் ஹதாத்தின் நினைவு நாள் ஹெஷ்வான் இருபத்தொன்பது என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: 'மேற்படி மகன், தந்தையின் உயிர் பிரிந்த தருணத்தில் பெட்டிக்கடை முன்பாக இரு கரங்களையும் உயர்த்திய நிலையில் இருந்தார் என்பதும், அழைப்பைக் கேட்டு, வலக்கை விரல்கள் ஐந்தையும் குவித்துத் தாமதத்தைக் குறிப்பிட்டார் என்பதும் ஐயமற நிறுவப்படுகிறது. முன்பு தாம் உடனிருந்ததாக அவர் கூறியது பொய் எனக் காணப்பட்டாலும், அதனால் தேதிக்குப் பாதகமில்லை.' ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிப்பதற்காக விதிப்படி மூன்று நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பலகை இருப்பது ஏழாம் எண் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை சந்தை நிறுத்தத்தில், கதவை மூடப் போகிறேன், சீக்கிரம் ஏறுங்கள் என்று நான் சொன்னதற்கு, கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து ஐந்து விரலைக் குவித்துக் காட்டினாள். பேருந்து முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை. ஷோவாலோடு பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கைன்னு வர்ற அந்த வரிய எடுத்துடுங்க."

"வெட்டினத எடுக்க முடியாதும்மா. இழைக்கத்தான் முடியும். பள்ளம் தெரியும்."

"தெரியட்டும். அந்த இடத்துல தில்மாயா கைகளில்னு போடுங்க."

ஷோவால் தலையைச் சொறிந்தான். "நம்ம கல்லறைல வேத்து ஆள் பேர் வெட்டணும்னா மத மன்றத்துல ஒரு கடுதாசி வேணும்மா."

அக்கா அன்றைக்கே மனுக் கொடுத்தாள். அது பரிசீலனையில் இருக்கிறது. மூன்று பேர் குழு போதுமா, ஐந்து பேர் குழு வேண்டுமா என்று பார்க்கிறார்களாம்.

முப்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனைக்குத் தேவையான பத்து ஆண்கள் கூடிக் கல்லைத் திறந்துவைத்தோம். தன் துறையின் முக்கியமான தீர்ப்பு என்பதால் ரபி எல்காயமும் வந்திருந்தார். தில்மாயா இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தாள். ஷோவால் துணியை விலக்கினான். அப்பாவின் பெயர். ஹெஷ்வான் இருபத்தொன்பது. அதற்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம். தில்மாயா குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இங்க என்ன எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

"ஆரம்பி," என்றாள் அக்கா. ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

செத்தவருக்காக மகன் சொல்லவேண்டிய பிரார்த்தனை. முப்பது நாளாகத் தினமும் மூன்று வேளை சொல்லி வந்ததுதான். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. ஒரு நிமிடம் கொடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அதுவும் வரவில்லை. என் வலது கை தானாக மேலே போயிற்று. ஐந்து விரலும் குவிந்து நின்றன.

பத்துப் பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ரபி எல்காயம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"மெதுவாவே சொல்லு," என்றாள் அக்கா. "உனக்காகக் காத்திருந்து அவருக்குப் பழக்கம்தான்."

கையை இறக்கினேன். விரல்களைப் பிரித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.